காஞ்சிக்கு அரை நாள் போதாது

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி சாலையில் கால் வைக்க இடமிருக்காது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வரும் வேன்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் இறங்குவார்கள். அதில் கல்யாணப் பெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பாள். கடை வாசலில் நிற்பவர், "வாங்கக்கா, கூறைப் புடவையா, ரிசப்ஷனுக்கா?" என்று கேட்டபடியே செருப்பு விடும் இடத்தைக் காட்டுவார்.

புடவை எடுத்தாகிவிட்டதா, காமாட்சியம்மனுக்கு ஒரு அர்ச்சனை. நேரம் இருந்தால் ஏகாம்பரநாதர். பிறகு சாப்பாடு, வண்டி, வீடு. வெளியூர்க்காரர்களில் பெரும்பாலானோர் பார்க்கும் காஞ்சிபுரம் இவ்வளவுதான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாமல் நகரமாகவே இருந்துவரும் ஓர் ஊரை இப்படி அரை நாளில் முடித்துக்கொள்வது கொஞ்சம் அநியாயம்.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டரில், மலையோ குன்றோ இல்லாத சமவெளியில் இருக்கிறது காஞ்சிபுரம். வேகவதி ஊரை ஒட்டி ஓடுகிறது, தெற்கே பாலாறு. பாலாற்றுத் தண்ணீரில் சாயம் ஏற்றினால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு வரும் என்பது ஊர்க்காரர்களின் பழைய நம்பிக்கை. இன்று பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. 2021 நவம்பரில் கரைகொள்ளாமல் வெள்ளம் வந்தபோது அதைப் பார்க்கவே ஜனம் பாலத்தில் கூடியது. வேகவதியின் கதை இன்னும் மோசம். ஆக்கிரமிப்பும் கழிவுநீரும் சேர்ந்து பல இடங்களில் அதை வாய்க்காலாக்கிவிட்டன. ஆற்றை நம்பி மட்டும் இந்தப் பகுதி வாழ்ந்ததில்லை என்பது ஓர் ஆறுதல். செம்பரம்பாக்கம், தென்னேரி, உத்திரமேரூர் என்று ஏரிகளாலேயே பிழைத்த நாடு இது. வெட்டியவர்களில் பல்லவர்களும் உண்டு, சோழர்களும் உண்டு.

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.64 லட்சம். 1866இல் நகராட்சியான ஊர் 2021இல்தான் மாநகராட்சி ஆனது. ஏகாம்பரநாதரைச் சுற்றியிருப்பது பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாளைச் சுற்றியிருப்பது சின்ன காஞ்சிபுரம். வேகவதிக்கு அப்பால் சமணர்களின் திருப்பருத்திக்குன்றம். மேற்கே, தறிச் சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையம். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் இதில் எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

முதலில் மேற்கே போவது நல்லது. பிள்ளையார்பாளையத்தைத் தொட்டுக்கொண்டு ஊரின் விளிம்பில் நிற்கிறது கைலாசநாதர் கோயில். கூட்டம் இல்லை, பூக்கடை வரிசை இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே முழுவதும் மணற்கல். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. பிராகாரச் சுவரை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சிலவற்றின் உள்ளே குனிந்து பார்த்தால், சுதையின் மேல் தீட்டிய பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் தெரியும். ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு, செம்மண் நிறத்தில் ஒரு தோள். முன்னால் இருக்கும் சிறு கோயில்களில் ஒன்றைக் கட்டியவள் இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை என்று கல்வெட்டு சொல்கிறது. கருவறையைச் சுற்றி ஆள் தவழ்ந்து நுழையும் குறுகிய வழி ஒன்றும் உண்டு. அதில் நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்று அர்ச்சகர் சொல்வார். உடம்பு கொஞ்சம் பெருத்தவர்கள் இந்த வாய்ப்பை விட்டுவிடுவது உத்தமம்.

இந்தக் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடத்துக்கு என்ன வேலை? பல்லவர்களுக்கும் வாதாபிச் சாளுக்கியர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. முதலாம் நரசிம்மவர்மன் 642ஆம் ஆண்டு வாக்கில் வாதாபியை எரித்தான். அதற்குப் பழிவாங்க சுமார் நூறு ஆண்டு கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் படையோடு நுழைந்தான். ஊரைக் கொளுத்தியிருக்கலாம், கோயில் கருவூலத்தை அள்ளியிருக்கலாம். அவனோ இராசசிம்மேச்சுரம் எனப்பட்ட இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்து வியந்து, அதை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தன் மொழியில் பொறித்துவைத்துப் போனான். அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயிலை எழுப்பினாள். அதன் அமைப்பில் காஞ்சிக் கோயிலின் சாயல் அப்படியே தெரிகிறது. எல்லோராவின் ஒற்றைக்கல் கைலாசத்துக்கு விரூபாட்சர் கோயில் முன்மாதிரியாக இருந்தது என்பது கலை வரலாற்று அறிஞர்களின் கருத்து. பின்னால் வந்த சோழர்களும் காஞ்சிக் கைலாசநாதரை மறக்கவில்லை. 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்றே அவர்கள் காலத்துக் கல்வெட்டுகள் இதைக் குறிக்கின்றன.

பல்லவர்களுக்கு முன்பே காஞ்சிக்குப் பெயர் இருந்தது. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன் இங்கிருந்துதான் ஆண்டான். மணிமேகலை காப்பியம் முடிவதும் இந்த ஊரில்தான். நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் தெற்கே படையெடுத்து வந்து வென்ற அரசர்களின் பட்டியலை அலகாபாத் தூணில் வெட்டினான். அதில் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயர் இருக்கிறது. அதே நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற அந்தணர் காஞ்சியின் கடிகை என்னும் கல்விச்சாலையில் படிக்க வந்தார். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் தாங்காமல் ஓலைச்சுவடியை வைத்துவிட்டு வாளைக் கையில் எடுத்து, கர்நாடகத்தில் கடம்ப அரசையே நிறுவினார் என்கிறது தாளகுந்தா கல்வெட்டு. மாணவர் ஒருவரின் தகராறு ராஜ்ஜியத்தில் முடிந்தது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

ஏழாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இங்கே இருந்ததாக எழுதியிருக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர். ஆனால் அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயில் வளாகத்தில் இருக்கும் புத்தர் சிலைகளைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சிற்பங்கள்தான் மிச்சம். அந்தக் காலத்து மதச் சண்டைகள் எப்படி இருந்தன என்பதை அரசனே எழுதி வைத்திருக்கிறான். முதலாம் மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி அங்கத நாடகம் நடப்பது காஞ்சித் தெருவில். குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. எடுத்தவன் பௌத்த பிட்சுதான் என்று அவன் சண்டைக்குப் போகிறான். கடைசியில் பார்த்தால் ஒரு நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. குடிமக்களின் எல்லா மதத்தையும் இப்படிக் கிண்டல் செய்யும் ஆட்சியாளருக்கு இன்றைக்கு என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருந்தும் பலர் தவறவிடும் இடம் வைகுண்டப் பெருமாள் கோயில். மூன்று நிலைக் கருவறையில் பெருமாள் ஒரு தளத்தில் அமர்ந்தும், ஒன்றில் கிடந்தும், ஒன்றில் நின்றும் இருக்கிறார். ஆனால் இந்தக் கோயிலின் உண்மையான புதையல் சுற்று மண்டபச் சுவர். பிரம்மாவில் தொடங்கி, அஸ்வத்தாமன் வழியாகப் பல்லவர் குலக்கதை முழுவதும் அதில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கதையின் உச்சம் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன் அரியணை ஏறும் காட்சி. இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். நாட்டின் பெரியவர்கள் பல்லவரின் கிளைக்குடும்பத்து இரணியவர்மனிடம் போய், ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி 'நான் போகிறேன்' என்று எழுந்து நிற்கிறான். அந்தச் சிறுவன் ஆண்டது ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டு. சிற்பங்களுக்குப் பக்கத்தில் விளக்கக் கல்வெட்டுகளும் உண்டு. ஓர் அரச வம்சத்தின் வரலாற்றை இப்படிப் படக்கதையாகச் சொல்லும் சுவர் இந்தியாவில் அபூர்வம். மணற்கல் என்பதால் முகங்கள் உதிர்ந்து வருகின்றன. பார்ப்பதென்றால் தள்ளிப்போடக் கூடாது.

பெரிய கோயில்களைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியவர். மணல் லிங்கம் என்பதால் ஆவுடையாருக்குத்தான் அபிஷேகம். ஏறத்தாழ 190 அடி உயர ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது. ஊரில் எத்தனையோ சிவன் கோயில்கள் இருந்தாலும் எதிலும் தனி அம்மன் சன்னதி கிடையாது. அத்தனை பேருக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்திதான். திவ்ய தேசங்கள் நான்கை ஒரே வளாகத்தில் அடக்கிக்கொண்டு நிற்கிறது உலகளந்த பெருமாள் கோயில். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் எழுதியது குமரகோட்டத்தில். சித்திரகுப்தனுக்குக்கூட இங்கே தனிக் கோயில் இருக்கிறது. கணக்குப் பிள்ளையிடம் நல்ல பெயர் எடுத்துவைப்பது எதற்கும் நல்லது.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜர் கதை தனி. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்த அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் திரண்டார்கள். அதற்கு முன் அவர் வெளியே வந்தது 1979இல். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் தரிசனம். அந்த 48 நாளும் இந்த ஊர் பட்ட பாட்டை இன்றைக்கும் தெருவுக்குத் தெரு சொல்வார்கள். கூட்டமில்லாத நாளில் போனால் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் ஒரே கல்லில் வெட்டிய கற்சங்கிலியை நின்று பார்க்க முடியும். ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி ஆபரணமும் பெருமாளிடம் இருக்கிறது. காஞ்சிபுரம் இட்லி பிறந்ததும் இந்தக் கோயில் மடைப்பள்ளியில்தான். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். வெந்தபின் துண்டு போடும்போது இலை வாசனையும் சுக்கு வாசனையும் சேர்ந்து வரும். ஊருக்கு ஊர் ஓட்டல்களில் டம்ளரில் வேகவைத்துக் கடுகு தாளித்துக் கொடுக்கும் பண்டத்துக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

போர் இந்த ஊரைச் சும்மா விடவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஔரங்கசீப் படைக்குப் பயந்து வரதரின் உற்சவ மூர்த்திகள் உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1710இல்தான் திரும்பின. தங்கக் காமாட்சி இன்னும் திரும்பவே இல்லை. தஞ்சாவூரில் பங்காரு காமாட்சியாக இருக்கிறாள். அவளைப் பூசித்த குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள். 1780 செப்டம்பர் 10இல் அருகிலிருக்கும் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பேர் வாங்கிய போர் அது. காஞ்சியில் முகாமிட்டிருந்த தளபதி மன்றோ உதவிக்குப் போகாமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. போர் நடந்த நம் ஊர்ப்பக்கம்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோயிலும் தறியும் இங்கே தனித்தனி இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் பத்தாம் நூற்றாண்டு உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது உலகளந்த பெருமாள் கோயிலின், அறக்கட்டளைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அது காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகளிடம் ஒப்படைக்கிறது. பணத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் அன்றே நிலைபெற்றவர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் போனால் தெருவிலேயே பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கலாம். வீட்டு ஆண்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்று, வெயில் ஏறுவதற்குள் இழைகளை நீவிச் சிக்கெடுப்பார்கள். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகைக்கு சூரத். புதுப் பாவைத் தறியில் ஏற்றும்போது பழைய பாவின் நுனியோடு ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். சில ஆயிரம் இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு திரிக்கும் அந்த வேகத்தைக் கண் தொடர முடியாது.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்றால் மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்பவர் கை அந்தக் கோடி வரை எட்டாது என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மறுகரை நாடாவைத் தள்ளுவார். பெரும்பாலும் மனைவியோ மகளோ. முன்பு அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்குத் தறியில் அடைபட்ட குழந்தைகளைப் பற்றி 1990களில் பெரிய விவாதம் எழுந்து, மீட்புப் பள்ளிகள் வந்தன. முந்தி தொடங்கும் இடத்தில் நிறம் மாற வேண்டுமானால் புது நிறப் பாவிழைகளைப் பழையதோடு பின்னிச் சேர்த்துவிட்டுப் பழையதை வெட்டுவார்கள். இதுதான் பெட்னி.

மயில்கண், குயில்கண், வைர ஊசி, மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, கொட்டடி, ருத்ராட்சம், அன்னப்பட்சி, யாளி என்று புட்டாவுக்கும் கரைக்கும் பெயர்கள் நீள்கின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவையால் 'எம்.எஸ். நீலம்' என்று ஒரு நிறமே நிலைத்துவிட்டது. ஒருகாலத்தில் டிசைனை நூல் முடிச்சுகளால் 'அடை' கட்டி எடுத்தார்கள். பிரான்சின் லியோன் நகரப் பட்டுத்தறிகளுக்காக 1804 வாக்கில் ஜக்கார்டு உருவாக்கிய அட்டை முறை வந்தபின் அடை மறைந்தது. இன்று அந்த அட்டையும் கம்ப்யூட்டரில் தயாராகிறது. ஆனால் நாடாவை ஓட்டுவது இன்னும் கைதான். சாதாரணப் புடவைக்கே பத்துப் பன்னிரண்டு நாள். வேலைப்பாடு கூடினால் மாதம் தாண்டும்.

தறியில் உட்கார ஆள்தான் குறைந்துகொண்டே போகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்ததிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அடுத்தடுத்து ஆலைகள். கம்பெனி பேருந்து காலையில் தெருமுனைக்கே வருகிறது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., கேன்டீன். இரண்டு பேர் உழைத்து ஒரு கூலி வாங்கும் தறியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இருபது வயதுப் பையனைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. மறுபக்கம், விசைத்தறியில் போலி ஜரிகை போட்டு நெய்த சேலை 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரிலேயே விற்கிறது. 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு சட்டப்படி ஒரு கவசம்தான். ஆனால் கடையில் அதைக் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்? வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ஜரிகை விலையும் ஏறி, ஆர்டர் குறைந்து, கடைசியில் அடி விழுவது நெய்பவர் கூலியில்.

ஊருக்குப் பெருமை சேர்த்தவர்களில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எல்லோரையும் விட உயர்ந்து நிற்கிறார். 1909 செப்டம்பர் 15இல் இங்கே பிறந்த சி.என். அண்ணாதுரை பச்சையப்பன் பள்ளியில் படித்து, நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியதும் இங்கிருந்துதான். 1957இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய இதே ஊர் 1962இல் தோற்கடிக்கவும் செய்தது. அடுத்த ஐந்தாண்டில் அவர் முதலமைச்சர். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோயில்கள் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் இரண்டையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் வரதராஜரும், வெளிச்சம் இருக்கும்போதே திருப்பருத்திக்குன்றமும். அங்கே விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரை ஓவியங்களுக்காகவே போகலாம். இன்னொரு நாள் கையிலிருந்தால் உத்திரமேரூர். குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதிகளை 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள்.

புடவைக்கு வந்தவர்கள் வாசலில் அழைப்பவர் பின்னால் போகும் முன் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் ஒருமுறை விலை பார்த்துவிடுங்கள். முருகன், காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா என்று ஊரில் பல சங்கங்கள் இருக்கின்றன. சில்க் மார்க், கைத்தறி முத்திரை, புவிசார் குறியீட்டு அட்டை மூன்றையும் கேளுங்கள். புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்; கோர்வை என்றால் இரண்டு நிற இழையும் கோத்துக்கொண்டிருப்பது கைக்குத் தெரியும். பில்லில் ஜரிகையின் வெள்ளி, தங்க அளவை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் ஒரு லட்சம் ரூபாய்ப் புடவையை வாங்காதீர்கள்.